‘ஹொந்தய் டொக்டர்’ என்று சொல்லிவிட்டு வராமல் இருக்க ஒரு கொப்பி

கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் கேட்பது ஒரே கேள்விதான்: “கொஹொமத?” நானும் ஒரே பதில்தான் சொல்வேன்: “ஹொந்தய் டொக்டர்.” எப்படி இருக்கிறீங்க, நல்லா இருக்கிறேன். ஏழெட்டு வருசம் இப்படியே ஓடியது. ஒரு நாள் அதே பதிலைச் சொல்லிவிட்டு, குளிசைப் போத்தல்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிக் கேற்றடிக்கு வந்தேன். பின்னால் வந்த ஒரு பிள்ளை, “அன்ட்டி, உங்கட பாட்டா!” என்று கூப்பிட்டது. திரும்பிப் பார்த்தால் என் இடது கால் பாட்டாச் செருப்பு பத்தடி பின்னால் கிடக்கிறது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு மணி வெயிலில் கொதித்துக் கிடந்த சீமெந்தில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், சூடும் தெரியவில்லை. நல்லா இருக்கிறேன் என்று சொல்லி அஞ்சு நிமிசம்கூட ஆகவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தொடங்கியதுதான் இந்தக் கொப்பி. எச்.ஐ.வி.யோடு வாழ்கிற வேறு சிலருக்கும் சொல்லிக்கொடுத்தேன், அவர்களுக்கும் உதவியது. அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். வயது 47. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடி. சாறிச் சட்டை தைக்கிறேன். 2012 இல் எச்.ஐ.வி. என்று தெரியவந்தது, புருசன் செத்து மூன்று மாதத்துக்குப் பிறகு. அந்தக் கதை இங்கே வேண்டாம். முதலில் எஃபவிரென்ஸ் கலந்த குளிசை, பிறகு டொலுடெக்ரவிர் கலந்ததுக்கு மாற்றினார்கள். இப்போது நாளுக்கு ஒரே ஒரு குளிசை. இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடித்தது 1987 இல். அரசாங்கம் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 இல். இடைப்பட்ட காலத்தில் வருத்தம் வந்தவர்களை நினைத்தால் எனக்குக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் குறை சொல்வது வேறு, இருக்கிறதைச் சொல்வது வேறு. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு இத்தனை வருசம் பிடித்தது.

பல வருசமாக என் வைரஸ் லோட் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. அந்த ரிப்போட்டைப் பார்த்து டொக்டருக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். ஆனால் அந்த ரிப்போட் எண்ணுவது இரத்தத்தில் உள்ள வைரஸை மட்டும். ஊசியில் நூல் கோர்க்க எனக்கு எத்தனை தரம் தவறுகிறது என்பது அதில் வராது. நித்திரை, களைப்பு, கால் விறைப்பு, மனக்கவலை எல்லாம் வைரஸ் அடங்கிய பிறகும் இருக்கலாம். நாமாக வாய் திறந்தால்தான் அவருக்குத் தெரியும்.

கொப்பி எது, எப்படி மறைப்பது

ஃபோனில் எழுதலாம் என்பார்கள். என் ஃபோன் பாதி நேரம் தங்கச்சி மகனின் கையில் கிடக்கும், கேம் விளையாட. அதனால் எனக்குக் கடுதாசிதான். அதுவும் புதுக் கொப்பி வாங்கினால் “இது என்ன?” என்று யாராவது கேட்பார்கள். ஏற்கெனவே கையில் இருக்கிற கொப்பியில் எழுதுங்கள். எனக்கு அது ஓடர் கொப்பி.

அதில் ‘மூன்றாம் மாடி அக்கா’ என்று ஒரு கஸ்டமரை உண்டாக்கினேன். அவவின் பக்கத்தில் நூல் என்றால் கை கால் விறைப்பு. பட்டன் என்றால் நித்திரை. லைனிங் என்றால் வயிறு. மடிப்பு என்றால் களைப்பு. கொக்கி என்றால் மனசு. சும்மா இருந்தாலும் எங்கேயாவது கொளுவிக்கொண்டு நிற்கும், அதனால் அந்தப் பெயர். ‘நூல் 3, பட்டன் 2, கொக்கி 1’ என்று எழுதிவைத்தால் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஓடர். மச்சாள் ஒரு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மூன்றாம் மாடி அக்காவுக்கு எத்தனை சட்டை அப்பா, ஒவ்வொரு ஞாயிறும் தைக்கக் குடுக்கிறா?” என்று கேட்டாள். பணக்கார வீடு என்றேன்.

உங்கள் தொழிலில் உங்களுக்கு ஒரு மறைப்பு இருக்கும். புறக்கோட்டையில் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிற ஒரு தம்பி, மூட்டைக் கணக்கு மாதிரி எழுதுகிறான். எழுத விருப்பமில்லாத ஒரு அம்மா, சுவர்க் கலண்டரில் பேனையால் புள்ளி வைக்கிறா. அதுவும் போதும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றால் இந்த வித்தை ஒன்றும் வேண்டாம், நேராகவே எழுதுங்கள். உங்களுக்கு ஒரு பாரம் குறைவு.

ஒவ்வொரு நாளும் எழுதவேண்டாம். தினமும் உடம்பைத் துருவிப் பார்த்தால் இல்லாத நோவும் வந்துவிடும், எனக்கு வந்தது. கிழமைக்கு ஒரு நாள், ஒரே நாள், ஒரே நேரம். எனக்கு ஞாயிறு பின்னேரம், பிளேன்டீ குடிக்கிற நேரம். பத்து நிமிசத்துக்கு மேல் எடுக்காது.

இருக்கா இல்லையா என்று மட்டும் கேட்கக்கூடாது

எச்.ஐ.வி. உள்ளவர்களின் அறிகுறிகளை அளக்க 2001 இல் வெளிவந்த ஒரு பட்டியல் உண்டு. அதில் 20 அறிகுறிகள். கடந்த நாலு கிழமையில் ஒவ்வொன்றும் இருந்ததா, இருந்தால் எவ்வளவு தொந்தரவு தந்தது என்று கேட்கும். அதன் கெட்டித்தனமே அந்த இரண்டாவது கேள்விதான். நான் எடுத்துக்கொண்டதும் அதைத்தான். இல்லை என்றால் 0. இருக்கிறது, ஆனால் கரைச்சல் இல்லை என்றால் 1. கொஞ்சம் கரைச்சல் 2. கரைச்சல் 3. பெரிய கரைச்சல் 4.

கரைச்சலை எப்படி அளப்பது? நோவு எவ்வளவு என்று யோசித்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விடை வரும். வேலையை வைத்து அளந்தால் பிழைக்காது. கை விறைப்புக்கு நான் வைத்த அளவு ஊசி. ஒரே தரத்தில் நூல் கோர்த்தால் 1. மூன்று நாலு தரம் தவறினால் 2. நூல் கோர்க்கும் கம்பியைத் தேடினால் 3. தங்கச்சி மகனைக் கூப்பிட்டால் 4. களைப்புக்கு எங்கள் தொடர்மாடிப் படி: நிற்காமல் மூன்றாம் மாடிக்கு வந்தால் 0 அல்லது 1, இரண்டாம் மாடியில் ஒரு தரம் நின்றால் 2, மரக்கறிப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்து பிறகு ஆளனுப்பி எடுத்தால் 4. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அந்த 3 என்ன 3 என்று விளங்கவேண்டும்.

அளவெடுக்கிற மாதிரி மேலிருந்து கீழே

சட்டைக்கு அளவெடுக்கும்போது தோளில் தொடங்கித்தான் கீழே வருவோம். நடுவில் தொடங்கினால் ஏதாவது ஒன்று விடுபடும். உடம்பும் அப்படித்தான்.

முதலில் தலை. தலையிடி, தலைச்சுற்று, மறதி, நித்திரை. எஃபவிரென்ஸ் குடித்த காலத்தில் என் கனவுகளைப் படமாக எடுத்திருக்கலாம், அவ்வளவு நிறத்தோடு வரும். காலையில் எழும்பினால் கட்டில் கப்பல் மாதிரி ஆடும். கொத்து ரொட்டி சாப்பிட்ட இரவுகளில் அது மோசம் என்று கொப்பி இல்லாத அந்தக் காலத்திலேயே ஒரு சந்தேகம். பிறகுதான் தெரிந்தது: எண்ணெய்ச் சாப்பாட்டோடு குடித்தால் அந்த மருந்து இரத்தத்தில் கூடுதலாக ஏறும். அதனால்தான் அதை வெறும் வயிற்றில், படுக்கப் போகும்போது குடிக்கச் சொல்கிறார்கள். டொலுடெக்ரவிர் வேறு மாதிரி. சிலருக்கு அது நித்திரையையே கெடுக்கும். இரவில் குடித்து நித்திரை வராவிட்டால், காலைக்கு மாற்றலாமா என்று டொக்டரைக் கேளுங்கள். எனக்கு மாற்றிய மூன்றாம் நாளே ‘பட்டன்’ 3 இலிருந்து 1 க்கு வந்தது. குளிசையை நிறுத்திவிட்டு நித்திரை வருகிறதா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனையில் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடக்கூடும்.

பிறகு வாயும் நெஞ்சும்: நாக்கில் வெள்ளையாகப் படிதல், விழுங்க நோவு, இருமல். பிறகு வயிறு: ஓங்காளம், சத்தி, வயிற்றோட்டம், ஊதல், பசியில்லாமை. வயிற்றைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. எத்தனை தரம், எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று எழுதினால் போதும்.

இடுப்புச் சுற்றளவை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். டொலுடெக்ரவிருக்கு மாறிய பிறகு பலருக்கு நிறை கூடுகிறது. எனக்கு ஒரு வருசத்தில் 32 அங்குலம் 35 ஆனது. பழைய மருந்துகள் சிலருக்குக் கன்னமும் கையும் ஒட்டி, வயிறு மட்டும் தள்ளச் செய்தன. மற்றவர்கள் “நல்லாப் பூசின மாதிரி இருக்கிறீங்க” என்பார்கள், அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டு டேப்பை மறந்துவிடாதீர்கள். கூடினாலும் எழுதவேண்டும், குறைந்தாலும் எழுதவேண்டும்.

தோல், முடி உதிர்தல், தசை நோவு எல்லாம் ஒரு பார்வையில் முடியும். கடைசியில் கால். இங்கே நின்று பாருங்கள். பஞ்சில் நடக்கிற மாதிரியா, எறும்பு ஊர்கிற மாதிரியா, மிளகாய் பட்ட மாதிரி எரிகிறதா, ஒன்றுமே தெரியவில்லையா? இந்த நாலும் வேறு வேறு. டொக்டருக்கு அந்த வித்தியாசம் தேவை. இரண்டு காலிலுமா, பெருவிரலில் தொடங்கி மேலே ஏறுகிறதா, இரவில் கூடவா என்றும் எழுதுங்கள். தையல்காரியான எனக்கு இன்னொன்று: மெசின் பெடலில் வலது கால் எவ்வளவு அமுக்குகிறது என்பது தெரியாமல், தையல் திடீரென்று ஓடும். ஒரு கலியாணச் சட்டையின் கைவளைவு அப்படிக் கோணலாகப் போய்ப் பிரித்துத் தைத்தேன். அந்தக் கிழமை ‘நூல்’ 4.

இரண்டு விசயம் எங்கள் சனம் எழுதாது. ஒன்று மனசு. அழுகை, பதகளிப்பு, ஒன்றிலும் விருப்பமில்லாமை. இதுவும் அந்த 20 இல் உள்ளதுதான், தலையிடிக்கு நம்பர் போடுகிற மாதிரி இதுக்கும் போடுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவேண்டாம்; 1926 க்கு எடுங்கள், அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. மற்றது படுக்கை விசயம். விருப்பமில்லாமை, இயலாமை, பயம். வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவில் தொடர்ந்து இருக்கிற ஒருவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. மற்றவருக்குத் தொற்றாது. இது தெரியாமல் எத்தனை புருசன் பெண்சாதி ஒரே அறையில் இரண்டு பாயில் படுக்கிறார்கள்! பயமென்றால் அது டொக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி. கேட்க வெட்கமென்றால் கொப்பியில் ‘ஊக்கு’ என்று ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

‘விட்டது’ என்று ஒரு கோடு

இது நானாகச் சேர்த்தது. இந்தக் கொப்பியில் பெறுமதியான பக்கம் இதுதான் என்பேன்.

உலக சுகாதார ஸ்தாபனம் எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்விக்கொத்து வைத்திருக்கிறது. சுருக்கமானதில் 31 கேள்வி. உடம்பு, மனசு, தன் வேலையைத் தானே செய்யக்கூடிய நிலை, சனங்களோடு உறவு, இருக்கிற சூழல், பக்தி நம்பிக்கை என்று ஆறு பக்கமாகப் பார்க்கும். கடந்த இரண்டு கிழமையை நினைத்துச் சொல்லச் சொல்லும். அத்தனை கேள்வியை ஞாயிறு பிளேன்டீயோடு என்னால் கேட்க ஏலாது. ஒரே ஒரு கேள்வியாக்கினேன்: இந்தக் கிழமை நான் எதை விட்டேன்?

முதல் மூன்று மாதம் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகவில்லை, கியூவில் நின்றால் கால் எரியும். தங்கச்சி மகளின் சாமத்திய வீட்டுக்குப் போகவில்லை, “ஏன் இப்படி மெலிஞ்சு போனாய், ஏன் இப்படிக் கொழுத்துப் போனாய்” என்று கேட்பார்கள். இரவில் தைப்பதை விட்டேன். மாடிப்படிக்குப் பயந்து வெள்ளவத்தைக்குத் துணி எடுக்கப் போவதை விட்டு, பக்கத்துக் கடையில் கூட விலைக்கு வாங்கினேன். நம்பர்களில் எல்லாம் 2 உம் 3 உம்தான். ஆனால் இந்தக் கோட்டில் என் சீவியத்தில் பாதி கிடந்தது. அதில் ஒன்றைக்கூட நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, எனக்கே சொல்லியிருக்கவில்லை.

நாலு நிமிசத்தில் எப்படிச் சொல்வது

கிளினிக்கில் சனம் கூட. டொக்டரோடு உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து நிமிசம். முதல் நாள் இரவு கொப்பியைப் பார்த்து மூன்று விசயத்தைத் தெரிந்தெடுங்கள். நம்பர் கூடியதையும், ‘விட்டது’ கோட்டில் அடிக்கடி வருவதையும் முதலில் சொல்லுங்கள். வெட்கமானதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். கடைசிக்கு வைத்தால் கதவடியில் நின்றுகொண்டு, மருந்துத் துண்டைக் கையில் வாங்கிய பிறகுதான் சொல்வீர்கள். சில நாள் சொல்லவே மாட்டீர்கள்.

பாசை ஒரு பிரச்சினை. கொழும்பில் பிறந்து வளர்ந்த எனக்குச் சந்தையில் பேரம் பேசச் சிங்களம் போதும், உடம்பைச் சொல்லப் போதாது. ‘விறைப்பு’ என்பதற்குச் சொல் தெரியாமல் முதலில் நான் “ரிதெனவா” என்றேன், அது வெறும் நோவு. அவர்களும் நோவுக்குப் பனடோல் எழுதித் தந்தார்கள், யாரில் பிழை சொல்ல? இந்தச் சில சொற்களைப் பாடமாக்குங்கள். கை கால் விறைக்கிறது: அத பய ஹிரி வட்டெனவா. எரிகிறது: தவெனவா. களைப்பு: மஹன்சி. தலை சுற்றுகிறது: ஒலுவ கரகெனவா. நித்திரை இல்லை: நிந்த யன்னே நே. ஓங்காளம்: ஒக்காரய. இருமல்: கஸ்ஸ. தமிழ் தெரிந்த டொக்டரோ நர்ஸ் மிஸ்ஸோ இருக்கிறார்களா என்று கேட்பதும் உங்கள் உரிமைதான். வீட்டுப் பிள்ளைகளை மட்டும் மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். பன்னிரண்டு வயது மகன் தாயின் வெள்ளைபடுதலை டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சொல்லும் விதம் இப்படி: எப்போது தொடங்கியது, எவ்வளவு, எதைச் செய்ய முடியவில்லை. “ஆறு மாதமாகக் கால் விறைக்கிறது, பாட்டா கழன்றாலும் தெரியவில்லை, மெசின் மிதிக்க முடியவில்லை.” அவ்வளவுதான். அன்றைக்கு இதைச் சொன்னதும் டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எல்லாம் ‘அது’ இல்லை

நான் நினைத்திருந்தேன், இது எச்.ஐ.வி. நரம்பைத் தின்கிறது என்று. அப்படியும் ஆகலாம். வைரஸாலும் ஆகலாம், ஸ்டாவுடின் போன்ற பழைய மருந்துகளாலும் ஆகலாம், பி12 குறைவாலும் குடியாலும் ஆகலாம், காசநோய்க் குளிசையாலும் ஆகலாம். எனக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். சீனி 168. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வருத்தம். அம்மாவுக்கும் இருந்தது, அப்பம்மாவுக்கும் இருந்தது. ஒரு பெரிய வருத்தம் வந்துவிட்டால் உடம்பில் நடப்பதெல்லாம் அதன் தலையில் போட்டுவிடுகிறோம், மற்ற வருத்தங்கள் அதன் நிழலில் நல்லாக வளரும். களைப்பும் அப்படி. இரத்தக்குறைவு, தைரொய்ட், நித்திரையில்லாமை, மனக்கவலை என்று அதற்கு எத்தனையோ வாசல். “இது எச்.ஐ.வி.யாலா, வேறு ஏதாவதா?” என்று வாய் திறந்து கேளுங்கள்.

இனிமேல்தான் சிக்கல்: இரண்டு வருத்தம், இரண்டு கிளினிக். சீனிக்குக் கொடுக்கும் மெட்போமினை டொலுடெக்ரவிர் உடம்பில் கூட நேரம் தங்கவைக்கும். அதனால் மெட்போமின் நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் சீனிக் கிளினிக்கில் மற்றக் குளிசையைப் பற்றி நீங்கள் சொன்னால்தானே? நான் சொல்லப் போன இடத்தில், பெயர் வேண்டாம், துண்டைப் பார்த்த ஒருவர் அறை முழுக்கக் கேட்கச் சத்தமாக வாசித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், கொக்கி 4. அடுத்த முறை எச்.ஐ.வி. கிளினிக் டொக்டரிடம் கடிதம் வாங்கி, ஒட்டிய கவரில், டொக்டரின் கையில் நேராகக் கொடுத்தேன். அதன் பிறகு பிரச்சினை வரவில்லை. கவரை ஒட்டுங்கள்.

டொலுடெக்ரவிர் குடிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். நெஞ்செரிவுக்கும் வாய்வுக்கும் குடிக்கிற, அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அன்டசிட்டுகள் இந்த மருந்தை வயிற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அவற்றுக்கு 2 மணித்தியாலத்துக்கு முன்னால் அல்லது 6 மணித்தியாலத்துக்குப் பிறகு உங்கள் குளிசையைக் குடியுங்கள். கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் கல்சியத்தையும் இரும்பையும் மட்டும், சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குவதென்றால், உங்கள் குளிசையோடு ஒன்றாகக் குடிக்கலாம். யாராவது தந்த கசாயம், நாட்டு மருந்து குடித்தால் அதையும் கொப்பியில் எழுதி டொக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவாரென்று பயந்து மறைக்கவேண்டாம்.

கொப்பியை மூடிவிட்டு ஓடவேண்டியவை

சிலதுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. விடாத காய்ச்சல், இரவில் உடுப்பு நனைய வியர்வை, காரணமில்லாமல் நிறை இறங்குதல், இருமல் இவற்றில் எது வந்தாலும் காசநோயா என்று பார்க்கவேண்டும். அடுத்த திகதி வரைக்கும் இருக்காதீர்கள். கழுத்து விறைப்போடு தலையிடி, கண் மங்குதல், பேச்சுத் தடுமாறல், மூச்சு முட்டுதல், கண் மஞ்சளாதல், புதுக் குளிசை தொடங்கிய பிறகு வாய்ப் புண்ணோடு தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே போங்கள். நடக்க முடியாவிட்டால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது.

சிகிச்சை இன்னும் தொடங்காதவர், அல்லது தொடங்கி விட்டுவிட்டவர் யாராவது இதை வாசித்தால்: கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித் திட்டத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது. சோதனையும் மருந்தும் இலவசம். பிள்ளை வேண்டுமென்று யோசிக்கிற இளம் பெண்களுக்கு இதையும் சொல்லவேண்டும்: தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இல்லாமல் ஆக்கிய நாடென்று இலங்கைக்கு 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழ் கொடுத்தது. எங்கள் கியூவில் வயிற்றோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

கால் விறைப்பு முழுதாகப் போகவில்லை. சீனி இறங்கியதும் எரிவு குறைந்தது, ‘நூல்’ இப்போது 2 இல் நிற்கிறது. பாட்டாவை விட்டுவிட்டுப் பின்பட்டி வைத்த செருப்பு வாங்கினேன். இரவில் படுக்கமுன் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன், ஊசி ஏதும் குத்தியிருந்தாலும் தெரியாதே. ‘விட்டது’ கோட்டில் கொச்சிக்கடை வந்து நாலு மாதம் ஆகிறது.

போன கிளினிக்கில் புது டொக்டர், சின்னப் பிள்ளை. “கொஹொமத அம்மே?” என்றா. நான் பதில் சொல்லாமல் கொப்பியைத் திறந்தேன். தமிழ் எழுத்தைக் காட்டி, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டா. ‘மூன்றாம் மாடி அக்கா’ என்று வாசித்துக் காட்டினேன்.

“ஏ கவுத?” அது யார்?

“மம தமய்,” என்றேன். நான்தான்.

கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னா.